அடை எந்தப் பக்கம் இறங்கும்? தேனீயும் பூமியின் காந்தமும்: தோட்டத்தில் சோதித்துப் பார்க்கும் முறை

பிரிந்து வந்த தேனீக் கூட்டத்தை வெற்றுப் பாத்திரம் ஒன்றில் விட்டால், ஓரிரு நாளில் அடை கட்டத் தொடங்கிவிடும். கும்மிருட்டு. ஆயிரக்கணக்கான தேனீக்கள் ஒன்றின் காலை ஒன்று பற்றிச் சங்கிலியாகத் தொங்கும். இரண்டு மூன்று இடங்களில் தனித்தனியாக மெழுகு வைக்கத் தொடங்கினாலும், அடைகள் பெரும்பாலும் ஒன்றுக்கொன்று இணையாகவே இறங்கும். எந்தத் திசையில் கட்டுவது என்பதை அவை எதை வைத்து முடிவு செய்கின்றன? பூமியின் காந்தப்புலம் ஒரு விடை. அதைச் சொந்தத் தோட்டத்தில், கடைத்தெருவில் கிடைக்கும் பொருள்களைக் கொண்டு நேர்மையாகச் சோதித்துப் பார்க்க முடியும். இந்தச் சோதனைக்குக் குமரி, நெல்லை மாவட்டங்களைப் போல வசதியான இடம் உலகில் அதிகம் இல்லை. காரணம் கீழே வருகிறது.

முதலில் ஒரு எச்சரிக்கை. பெட்டிகள் காலியாகும்போது காந்தம், கோபுரம், மின்கம்பி என்று காரணம் தேடும் பழக்கம் பரவியிருக்கிறது. 1991, 92 ஆண்டுகளில் தென்னிந்தியாவில் அடுக்குத் தேனீக்களை வாரிக்கொண்டு போனது தாய் சாக் புரூட் (Thai sacbrood) என்ற வைரஸ் நோய். புழுக்கள் பை போல வீங்கிச் சாவது, மெழுகுப் பூச்சி, எறும்பு, பூச்சிமருந்து, பட்டினி ஆகியவற்றை ஒவ்வொன்றாகப் பார்த்து விலக்கிய பிறகே காந்தத்தைப் பற்றி யோசிக்க வேண்டும். இங்கே சொல்லும் சோதனை நிலையான காந்தப்புலத்தைப் பற்றியது மட்டுமே. கைப்பேசிக் கோபுரத்தின் ரேடியோ அலை முற்றிலும் வேறு சங்கதி. இதன் முடிவை எடுத்து அதற்குப் பொருத்தக் கூடாது.

இதுவரை தெரிந்தது

ஜெர்மனியில் லிண்டாவரும் மார்ட்டினும் 1968-இல் ஒன்றைக் காட்டினார்கள். தீனி இருக்கும் திசையைச் சொல்ல அடையின் மேல் தேனீ ஆடும் வாலாட்டு நடனத்தில் சிறு திசைப்பிழை வழக்கமாக இருக்கும். கூட்டைச் சுற்றி மின்சாரம் ஓடும் கம்பிச் சுருள் வைத்துப் பூமியின் புலத்தை ஈடுகட்டினால் அந்தப் பிழை மறைந்துவிடுகிறது. புதிதாகக் குடியேறும் கூட்டம் தாய்க்கூட்டின் அடை இருந்த திசையிலேயே அடை கட்டுகிறது என்பதும் அவர்கள் கண்டதுதான். 1982-இல் டி யோங் இதை விரிவாகச் சோதித்து, காந்தப்புலத்தைத் திருப்பினால் அடையின் திசையும் திரும்புவதைக் காட்டினார். தேனீயின் வயிற்றுப் பகுதியில் காந்தத் தன்மையுள்ள பொருள் இருப்பதை 1978-இல் கௌல்ட், கிர்ஷ்விங்க், டெஃபேஸ் மூவரும் அளந்தார்கள். ஹவாயில் வாக்கரும் பிட்டர்மேனும் சர்க்கரைப்பாகு வைத்துத் தேனீக்களைப் பழக்கி, புலத்தில் ஏற்படும் மிகச் சிறிய மாற்றத்தையும் அவை உணர்வதை 1989-இல் வெளியிட்டார்கள். வயிற்றின் முன்பகுதியில் காந்தக் கம்பித் துண்டு ஒட்டிய தேனீக்களால் அந்த வேறுபாட்டைக் கண்டுகொள்ள முடியவில்லை.

உணர்கிறது என்பது ஒன்று, பாதிக்கப்படுகிறது என்பது இன்னொன்று. இரண்டையும் கலக்கும்போதுதான் வீண் பயம் வருகிறது. தேனீ வழி கண்டுபிடிக்க முதலில் நம்புவது சூரியனையும், வானொளியின் முனைவாக்கத்தையும், மரம் பாறை போன்ற அடையாளங்களையும்தான். காந்தம் துணைக்கருவி. கூட்டுக்குள் இருட்டில் அந்தத் துணைக்கருவியைத் தவிர வேறு அதிகம் இல்லை என்பதால்தான் அடையின் திசையைச் சோதனைக்கு எடுக்கிறோம்.

மேலே சொன்னவை எல்லாம் ஐரோப்பியத் தேனீயில் செய்யப்பட்டவை. நம் பெட்டியில் இருப்பது அடுக்குத் தேனீ. அதன் குணம் வேறு. கோபித்துக்கொண்டு கூட்டை விட்டுக் கிளம்பிவிடும். சோதனையின் பாதி வேலை அதை ஓடாமல் வைத்திருப்பதே.

தென்கோடியில் ஏன் எளிது

காந்த நிலநடுக்கோடு இந்தியாவின் தென்முனையை ஒட்டிப் போகிறது. அதனால்தான் திருநெல்வேலி அருகே கிருஷ்ணாபுரத்தில் இந்தியப் புவிக்காந்தவியல் நிறுவனம் ஓர் ஆய்வகத்தை வைத்திருக்கிறது. இந்தப் பகுதியில் பூமியின் புலம் தரைக்கு இணையாகப் படுத்துக் கிடக்கிறது. காந்தச் சரிவு, அதாவது புலம் தரைமட்டத்தோடு செய்யும் கோணம், ஓரிரு பாகைதான். ஜெர்மனியில் அது 65 பாகையை ஒட்டியும் டெல்லியில் 40-க்கு மேலும் இருக்கிறது. அங்கெல்லாம் புலம் தரைக்குள் சரிந்து பாய்வதால் கிடைத்தள, செங்குத்துக் கூறுகளைத் தனித்தனியாகக் கணக்கில் எடுத்தாக வேண்டும். இங்கே மொத்தப் புலமும் கிடைத்தளத்திலேயே இருக்கிறது. அளவு ஏறத்தாழ 40 மைக்ரோடெஸ்லா. ஒரே ஒரு சோடிச் சுருளால் அந்த முழுப் புலத்தையும் கிழக்குப் பக்கம் திருப்பிவிடலாம். யாழ்ப்பாணத்திலும் சரிவு மிகக் குறைவு, இதே கணக்கு ஓடும். சென்னையில் சரிவு பத்துப் பாகையை ஒட்டி வருகிறது. சோதனை அங்கும் நடக்கும், திருப்பிய பிறகு மிஞ்சும் செங்குத்துக் கூறைக் குறிப்பேட்டில் எழுதிக்கொள்ள வேண்டும்.

காந்த ஒதுக்கம், அதாவது காந்த வடக்குக்கும் உண்மை வடக்குக்கும் உள்ள வேறுபாடு, நம் பக்கம் 2 பாகைக்கு மேல் வராது. இந்த வேலையில் எல்லாத் திசையையும் காந்த ஊசியை வைத்தே குறிப்பதால் அதைப் பொருட்படுத்தத் தேவையில்லை.

இடம் பார்த்தல்

தேவை: எண்ணெய் நிரப்பிய சாதாரணத் திசைகாட்டி ஒன்று, காந்த உணரி உள்ள கைப்பேசி ஒன்று. ஆஹன் பல்கலைக்கழகம் வெளியிட்ட பைபாக்ஸ் என்ற இலவசச் செயலி மொத்தப் புலத்தை மைக்ரோடெஸ்லாவில் காட்டும். கைப்பேசி உறையில் காந்தப் பூட்டு இருந்தால் கழற்றிவிடுங்கள். இது தெரியாமல் பலர் 60, 70 என்ற அளவைப் பார்த்துத் திகைப்பதுண்டு. அளக்குமுன் கைப்பேசியை எட்டு வடிவத்தில் பத்துப் பன்னிரண்டு முறை சுழற்றி உணரியைச் சீர் செய்ய வேண்டும்.

மூங்கில் கழி ஒன்றில் 60 செ.மீ. உயரத்தில் கைப்பேசியைக் கட்டி, எப்போதும் ஒரே திசை பார்க்க வைத்து, 2 மீட்டருக்கு ஒரு புள்ளியாகத் தோட்டத்தை அளந்து எழுதுங்கள். பிறகு 120 செ.மீ. உயரத்தில் இன்னொரு சுற்று. அரை மைக்ரோடெஸ்லா ஏற்ற இறக்கம் உணரியின் நடுக்கம்தான். ஒரு மைக்ரோடெஸ்லாவுக்கு மேல் வேறுபாடு தெரிந்தாலோ, அடுத்தடுத்த புள்ளிகளில் ஊசி 2 பாகைக்கு மேல் விலகினாலோ அங்கே இரும்பு புதைந்திருக்கிறது என்று பொருள். ஆழ்துளைக் கிணற்றின் இரும்புக் குழாய்தான் பெரும் குற்றவாளி, 10 மீட்டராவது தள்ளிப் போங்கள். கான்கிரீட் தளமும் மொட்டை மாடியும் உள்ளே இருக்கும் கம்பியால் உதவாது. இருசக்கர வண்டியை 5 மீட்டருக்குள்ளும் டிராக்டரை 15 மீட்டருக்குள்ளும் நிறுத்தக் கூடாது. இரும்பின் தாக்கம் தூரத்தின் முப்படிக்கு நேர்மாறாகக் குறையும். தூரத்தை இருமடங்காக்கினால் எட்டில் ஒரு பங்காகிவிடும்.

உயரழுத்த மின்கம்பிக்குக் கீழே இந்தச் சோதனையும் வேண்டாம், தேன்பெட்டியும் வேண்டாம். அங்கே கெடுதல் செய்வது பெரும்பாலும் மின்புலம். அமெரிக்காவில் 765 கிலோவோல்ட் கம்பிக்கு அடியில் வைத்த கூடுகளில் 1981-இல் கிரீன்பெர்க் குழுவினர் பார்த்தது இது: தேனீக்கள் வழக்கத்துக்கு மாறாகப் பிசின் பூசின, ராணிகள் அழிந்தன, கூடுகள் நலிந்தன. நிலத்தோடு இணைத்த உலோக வலையால் மூடிய கூடுகளுக்கு ஒன்றும் ஆகவில்லை. கூட்டுக்குள் தூண்டப்பட்ட சிறு மின்னோட்டம் தேனீயின் காலைச் சுட்டிருக்கிறது. நகர்த்த முடியாத பெட்டி என்றால் மேலே கம்பி வலை போட்டு, அதிலிருந்து ஒரு கம்பியை ஈரமண்ணில் அறைந்த கடப்பாரையோடு இணைப்பது நல்ல தீர்வு.

சுருள் கட்டுதல்

ஒரு சோடிக்கு வேண்டியவை:

1 சதுர மி.மீ. செம்பு வீட்டு வயர், 90 மீட்டர் சுருள் 2.
மரச்சட்டம் 2, சதுரம், வெளிப்பக்க அளவு 98 செ.மீ., ஓரத்தில் 3 செ.மீ. அகலப் பள்ளம்.
12 வோல்ட் பேட்டரி, வோல்ட்டை இறக்கி மின்னோட்டத்தை மாறாமல் வைக்கும் மாட்யூல், அம்மீட்டர், மின்னோட்டத்தின் திசையை மாற்றும் டிபிடிடி (DPDT) சுவிட்ச்.
மூங்கில் ஆணி, பித்தளைத் திருகு, கயிறு, ஃபெவிகால்.

சட்டத்தில் இரும்பு ஆணி ஒன்றுகூட இருக்கக் கூடாது. எவர்சில்வர் திருகு பாதுகாப்பு என்று நினைக்க வேண்டாம், வளைத்து நெளித்துச் செய்தவை கொஞ்சம் காந்தமாகிவிடும். ஒவ்வொரு பொருளையும் திசைகாட்டிக்கு அருகே கொண்டுபோய்ப் பாருங்கள். ஊசி அசைந்தால் அது வெளியே.

90 மீட்டர் வயரைச் சரிபாதியாக வெட்டி 45 மீட்டர் இழைகள் இரண்டு ஆக்குங்கள். இரண்டையும் சேர்த்துப் பிடித்து ஒரு சட்டத்தில் 11 சுற்று சுற்றுங்கள். சுற்றின் நடுவளவு பக்கத்துக்கு ஒரு மீட்டர் வரும். ஆக ஒரு சட்டத்தில் 22 சுற்று. அடுத்த சட்டமும் அப்படியே, அதே சுழல் திசையில். இரண்டு சட்டங்களையும் இணையாக, நடுவிலிருந்து நடுவுக்கு 54.5 செ.மீ. இடைவெளியில் நிறுத்த வேண்டும். சதுரச் சுருளுக்கு இந்த இடைவெளியில்தான் மையத்தில் புலம் சீராக இருக்கும்.

இரட்டை இழைக்குக் காரணம் உண்டு, அதை விட்டுவிடக் கூடாது. இரண்டு சட்டத்தின் முதல் இழைகளைத் தொடராக இணைத்து ஒரு தொகுதி, இரண்டாம் இழைகளைத் தொடராக இணைத்து இன்னொரு தொகுதி. இரண்டாம் தொகுதி சுவிட்ச் வழியாகப் போகும். சுவிட்ச் ஒரு பக்கம் இருந்தால் இரு தொகுதியிலும் மின்சாரம் ஒரே திசையில் ஓடி, புலம் உண்டாகும். மறுபக்கம் தள்ளினால் எதிரெதிராக ஓடி, புலம் ஒன்றையொன்று அழித்துவிடும். இரண்டு நிலையிலும் அதே மின்னோட்டம், அதே சூடு. காந்தத்தைத் தவிர வேறெதுவும் மாறவில்லை என்று உறுதியாகச் சொல்ல இதுவே வழி. கிர்ஷ்விங்க் வற்புறுத்திய இந்த ஏற்பாடு இல்லாமல் வெறுமனே சுருளை அணைத்து வைத்துவிட்டு ஒப்பிடும் சோதனையை நம்பக் கூடாது.

கணக்கு: சுற்றுகளின் எண்ணிக்கை × ஆம்பியர் × 1.63 ÷ பக்க நீளம் மீட்டரில் = மையத்தில் மைக்ரோடெஸ்லா. 22 சுற்றுக்கு ஆம்பியருக்கு 35.8 கிடைக்கிறது.

வடக்கு நோக்கிய 40 மைக்ரோடெஸ்லாவை, அளவு மாறாமல், கிழக்கு நோக்கித் திருப்ப வேண்டும். வடக்குக் கூறு முழுதும் அழிய வேண்டும், கிழக்கே 40 முளைக்க வேண்டும். அதற்குத் தென்கிழக்கு நோக்கிய 56.6 மைக்ரோடெஸ்லா தேவை. ஆகவே சுருளின் அச்சைத் தென்கிழக்கு–வடமேற்காக வைத்து 1.58 ஆம்பியர் விடுங்கள். அப்போது சட்டங்களின் தளம் வடகிழக்கு–தென்மேற்காக நிற்கும். மொத்த மின்தடை 3.3 ஓம் அளவு. 5.2 வோல்ட், 8 வாட் போதும், வயர் சூடேறாது. வெறும் கிழக்கு மேற்காகச் சுருளை வைத்து 40 ஊட்டினால் புலம் 45 பாகை மட்டுமே திரும்பும், வலிமையும் 57-ஆக ஏறிவிடும். இது அடிக்கடி நடக்கும் தவறு. திசை மாறியதாலா வலிமை மாறியதாலா என்று பிறகு பிரிக்க முடியாது.

பேட்டரியும் மாட்யூலும் 5 மீட்டர் தள்ளி இருக்கட்டும். அங்கிருந்து வரும் இரண்டு வயர்களையும் சடைபோல முறுக்கிக் கொண்டுவந்தால் வழியில் வேண்டாத புலம் எழாது. 60 ஆம்பியர்-மணி பேட்டரி இரண்டு நாளைக்கு மேல் தாங்காது, மாற்றுப் பேட்டரி தயாராக இருக்க வேண்டும்.

தேனீயை வைப்பதற்கு முன் மையத்தில் திசைகாட்டியை வைத்துச் சுவிட்சைத் தள்ளுங்கள். ஒரு நிலையில் ஊசி வடக்கே நிற்க வேண்டும், மறுநிலையில் கிழக்கே. கைப்பேசி இரண்டிலும் 40-ஐ ஒட்டிக் காட்ட வேண்டும். ஊசி மேற்கே போனாலோ பழைய திசையிலேயே நின்றாலோ இணைப்பை மாற்றுங்கள். மையத்திலிருந்து 10 செ.மீ. எந்தப் பக்கம் நகர்த்தினாலும் அளவு அதிகம் மாறக் கூடாது. மாறினால் சட்டங்கள் இணையாக இல்லை.

கூடு

மண்பானை உருண்டை, பழக்கமானது, தேனீக்கும் பிடிக்கும். ஆனால் இங்கே கூடாது. சூளையில் வெந்து ஆறும்போது களிமண்ணில் உள்ள இரும்புத் தாதுக்கள் அப்போதைய காந்தப்புலத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும். பானை தானே ஒரு மெல்லிய காந்தம். உணவுப் பொருள் வைக்கும் 20 லிட்டர் வட்டப் பிளாஸ்டிக் வாளி எடுங்கள், விட்டம் 30 செ.மீ. அளவு. இரும்புக் கைப்பிடியைக் கழற்றுங்கள். பெயிண்ட் வாளி வாடை போகாது, தேனீ தங்காது.

மூடியின் உட்புறம் ஒட்டுப்பலகை வட்டம் ஒன்று. அதன் ரேகைகூட அடைக்கு வழிகாட்டிவிடும், ஆகவே உருக்கிய தேன்மெழுகை மெல்லிய படலமாக ஊற்றி ரேகையை மறையுங்கள். தூரிகையால் ஒரே பக்கமாக இழுத்துப் பூசினால் அந்தக் கோடுகளே புது ரேகையாகிவிடும். ஒவ்வொரு கூட்டத்துக்கும் புதிய வட்டம். ஒருமுறை கட்டிய மெழுகின் தடத்தை அடுத்த கூட்டம் அப்படியே பின்பற்றும், சுரண்டினாலும் போகாது. வாளியைச் சலவை சோடா கரைத்த நீரில் கழுவிக் காயவைத்து மறுபடி பயன்படுத்தலாம்.

வாசல் பக்கவாட்டில் இருக்கக் கூடாது. தரையின் நடுவில் 3 செ.மீ. துளை, அதைச் சுற்றிக் காற்றுக்குச் சிறு துளைகள் வட்டமாக. துளையைச் சூழ வளையத் தொட்டி, அதில் பாகும், தேனீ மூழ்காமலிருக்கத் தேங்காய் நாரும். வாளி பிளாஸ்டிக் வளையத்தின் மேல், சுருளின் நடுவில் நிற்கும். கால்களுக்கு எறும்புத் தடுப்பாக நீர் ஊற்றிய பிளாஸ்டிக் கிண்ணங்கள். முழுதையும் தென்னை ஓலைப் பந்தலுக்குள் வையுங்கள். ஒரு பக்கம் மட்டும் வெயில் பட்டால் அடை வெப்பத்தைப் பார்த்துத் திரும்பிவிடும்.

மட்டப்பலகை வைத்து மூடியைச் சமப்படுத்துங்கள். புவியீர்ப்பைத் தேனீ மிக நுட்பமாக அறியும், சாய்வான கூரை தனியாக ஒரு திசையைக் கொடுத்துவிடும். மட்டம் பார்க்க மணவாளக்குறிச்சிப் பக்கத்துக் கருமணலைப் போடாதீர்கள், அதில் காந்தத்தில் ஒட்டும் தாதுக்கள் உண்டு. எந்த மணலானாலும் ஒரு காந்தத்தை உள்ளே துழாவிப் பார்த்த பிறகு போடுங்கள்.

கூட்டம்

பன்னிரண்டு தாய்க்குடும்பங்கள் வேண்டும். ஆறில் பெட்டிக்குள் அடை தாங்கும் சட்டங்கள் வடக்கு தெற்காகவும், ஆறில் கிழக்கு மேற்காகவும் இருக்கட்டும். பார்க்க வேண்டியது வாசலின் திசை அல்ல, உள்ளே சட்டம் ஓடும் திசை. அந்தப் பெட்டிகள் குறைந்தது எட்டு வாரமாக அசையாமல் அதே நிலையில் இருந்திருக்க வேண்டும். அப்போதுதான் உள்ளே இருக்கும் தேனீ அனைத்தும் அந்தத் திசையிலேயே பிறந்து வளர்ந்ததாக இருக்கும். பெட்டிக் கால்கள் இரும்பென்றால் மரத்துக்கு மாற்றி எட்டு வாரத்தைப் புதிதாக எண்ணுங்கள்.

காலம்: ரப்பர் துளிர் விட்டுத் தேன் பெருகுவதற்கு முன், குடும்பங்கள் பெருகிப் பிரியும் மாதங்கள். புது மெழுகு சுரக்கும் இளந்தேனீ அப்போதுதான் ஏராளம்.

மாலையில் ராணியைப் பிளாஸ்டிக் கூண்டில் பிடித்து, மூன்று நான்கு சட்டத் தேனீக்களைக் காற்றோட்டமுள்ள அட்டைப்பெட்டியில் உதறுங்கள். 400 முதல் 500 கிராம் வரை போதும். இரண்டு குடும்பத்துத் தேனீயைக் கலக்கக் கூடாது. இருட்டான குளிர்ந்த இடத்தில் ஒன்றரை நாள் வைத்து, ஒன்றுக்கு ஒன்று சர்க்கரைப்பாகு கொடுங்கள். வயிற்றடியில் மெழுகுச் செதில் தெரிய ஆரம்பித்ததும் அந்தி சாயும் நேரத்தில் வாளிக்கு மாற்றி, ராணியைத் திறந்துவிடுங்கள். வாசலில் ராணி வெளியேறாத பிளாஸ்டிக் தடுப்பு ஐந்து நாள் இருக்கட்டும். தினமும் மாலை 200 மி.லி. பாகு. இது இரண்டும் தவறினால் அடுக்குத் தேனீ நிச்சயம் ஓடும். ராணி அகப்பட்டு வேலைக்காரத் தேனீக்கள் மட்டும் வெளியே கொத்தாகத் தொங்கினால் வெயிலோ எறும்போ காரணம், முதலில் அவற்றைப் பாருங்கள்.

சுவிட்ச் நிலையை அடை அளக்கப்போகிறவர் அறியக் கூடாது. ஆறு சீட்டில் "திருப்பு", ஆறு சீட்டில் "திருப்பாதே" என எழுதி, வடக்கு தெற்குத் தாய்களுக்கு மூன்று மூன்று, கிழக்கு மேற்குத் தாய்களுக்கு மூன்று மூன்று வருமாறு பிரித்து, வேறொருவர் குலுக்கி எடுத்து, சுவிட்சைப் போட்டு, அதன்மேல் பெட்டி கவிழ்த்து மூடிவிட வேண்டும். எது எதுவென்று தெரிந்தால், சற்று வளைந்த அடையை நாம் விரும்பும் பக்கம் சாய்த்து அளப்போம். வேண்டுமென்றே செய்வதல்ல, கண் அப்படித்தான்.

இரண்டு சோடிச் சுருள் இருந்தால் 5 மீட்டர் இடைவெளியில் வைத்து வாரத்துக்கு இரண்டு கூட்டம் சோதிக்கலாம். அந்தத் தூரத்தில் ஒன்று மற்றொன்றில் ஏற்படுத்துவது 0.1 மைக்ரோடெஸ்லாதான்.

அளத்தல்

ஐந்தாம் நாள் மாலை. திறப்பதற்கு முன் மூடியிலும் வாளியிலும் சேர்த்து ஒரு பென்சில் கோடு போடுங்கள். சுருளுக்குள் திசைகாட்டியை வைத்து வடக்கு பார்க்கக் கூடாது, அது திரும்பியிருக்கலாம். முன்பே 10 மீட்டர் தொலைவில் இரண்டு மூங்கில் முளை அறைந்து வைத்த வடக்கு தெற்குக் கயிற்றைப் பார்த்து அந்தக் கோட்டின் திசையைக் குறியுங்கள்.

தேங்காய் நார்ப் புகை இரண்டு ஊது. மூடியை நேராக மேலே தூக்குங்கள். புது அடை வெண்ணெய் மாதிரி, பக்கவாட்டில் சாய்த்தால் ஒடிந்து விழும். கீழிருந்து படம் எடுத்து, கோணமானியால் நடு அடையின் நடுக்கோட்டை அளந்து 0 முதல் 180 வரையிலான எண்ணாக எழுதுங்கள். அடைக்கு முன்பின் கிடையாது, 10 பாகையும் 190-உம் ஒன்றே. 5 செ.மீ. நீளத்துக்குக் குறைந்த அடை, அரைவட்டமாக வளைந்த அடை இரண்டையும் கணக்கில் சேர்ப்பதில்லை என்று தொடங்கும் முன்பே எழுதி வைத்துவிடுங்கள். முடிவைப் பார்த்த பிறகு விதி செய்தால் அது விதியாகாது. விலக்கிய கூட்டத்துக்குப் பதிலாக இன்னொன்றைச் சோதியுங்கள், பன்னிரண்டு நிறைய வேண்டும்.

இப்போது சீட்டுகளைப் பிரியுங்கள். காந்தத்தை வைத்துக் கட்டுவதாயின் வடக்கு தெற்குத் தாயின் கூட்டம் "திருப்பாதே" நிலையில் வடக்கு தெற்காகவும், "திருப்பு" நிலையில் கிழக்கு மேற்காகவும் கட்ட வேண்டும். மற்றத் தாய்களுக்கு இதன் மறுதலை. எதிர்பார்த்த திசைக்கு 45 பாகைக்குள் வந்தால் சரி, வெளியே போனால் தவறு. தற்செயலாக வந்தால் பாதி சரியாகும். பன்னிரண்டில் 10 அல்லது அதற்கு மேல் சரியாக அமையத் தற்செயலுக்கு இருக்கும் வாய்ப்பு 2 விழுக்காட்டுக்கும் சற்றுக் குறைவு. 9 என்றால் அது 7 விழுக்காட்டைத் தாண்டிவிடும், அதை வைத்து எதையும் சொல்ல வேண்டாம். இன்னும் பன்னிரண்டு கூட்டம் சோதிக்கத் துணியுங்கள்.

தவறியவை எந்தப் பக்கம் தவறின என்பதில்தான் சுவையான சங்கதி இருக்கிறது. "திருப்பாதே" ஆறும் சரி, "திருப்பு" ஆறும் தவறு என்றால் தேனீ ஏதோ ஒரு நிலையான புவித்திசையைப் பிடித்திருக்கிறது, காந்தத்தை அல்ல. பன்னிரண்டும் தாய் எதுவானாலும் ஒரே பக்கம் என்றால் பந்தலோ மட்டமோ சாய்ந்திருக்கிறது, சோதனை கெட்டது. "திருப்பாதே" நிலையில் ஒழுங்கு, "திருப்பு" நிலையில் கண்டபடி சிதறல் என்றால் புலம் மாறியதைத் தேனீ கவனித்திருக்கிறது, ஆனால் புதிய வடக்கை ஏற்கவில்லை. எல்லாமே சிதறல் என்றால் முதலில் தாய்ப்பெட்டிகளின் எட்டு வார வரலாற்றைத் துருவுங்கள்.

சூரியப் புயல் நாட்களைப் பற்றிக் கேள்வி வரும். 2024 மே 10, 11-இல் வந்த பெரும் புயலில் நிலநடுக்கோட்டுப் பகுதிகளின் புலம் 400 நானோடெஸ்லா அளவுக்கு இறங்கியது. மொத்தத்தில் அது நூற்றில் ஒரு பங்கு, இந்தச் சோதனையில் நாம் செய்யும் மாற்றத்துக்கு முன் ஒன்றுமில்லை. நண்பகலை ஒட்டி நம் வானில் ஓடும் மின்தாரையால் தினமும் ஏறி இறங்கும் 50, 100 நானோடெஸ்லாவும் அப்படித்தான். கைப்பேசி உணரிக்கு அது தெரியவே தெரியாது. நாளைக் குறித்து வைத்தால் போதும், விலக்க வேண்டாம்.

சர்க்கரைப்பாகுத் தட்டை வைத்துப் பழக்கும் ஹவாய் முறையும் உண்டு. தேனீக்கு ஒவ்வொன்றாகச் சாயப்புள்ளி இட்டு, ஒரே மாதிரியான இரு தட்டில் ஒன்றுக்கு அடியில் மட்டும் சிறு சுருள் வைத்து, ஒன்றில் பாகு, மற்றதில் நீர். ஒவ்வொரு வருகைக்கும் தட்டைக் கழுவி இடம் மாற்றாவிட்டால் தேனீ தான் விட்ட வாசனையைத்தான் தேடி வரும். பொறுமையும் இரண்டு ஆளும் வேண்டும். தோட்டத்தில் தொடங்க அடைச் சோதனையே நல்லது.

பெட்டி வேலைக்கு இதில் என்ன

குறுக்கு அடை எல்லோரும் பட்ட தொல்லை. வெறும் சட்டம் போட்ட பெட்டியில் புதுக்கூட்டத்தை விட்டால் சில சமயம் சட்டத்துக்குக் குறுக்காக அடை கட்டி, ஒன்றை இழுத்தால் நான்கும் கிழியும்படி செய்துவிடும். பழைய திசையை நினைவில் வைத்துக் கட்டுவது அதற்கு ஒரு காரணமாக இருக்க முடியும். கூட்டம் வந்த தாய்ப்பெட்டியோ மரப்பொந்தோ தெரிந்தால், அங்கே அடை ஓடிய திசையைத் திசைகாட்டியால் பார்த்து, புதுப்பெட்டியின் சட்டமும் அதே திசையில் வரும்படி நிறுத்துங்கள். ஒரு காசு செலவில்லை. அதோடு ஒவ்வொரு சட்டத்தின் மேல்கட்டையிலும் 2 செ.மீ. அகல மெழுகுத் தாள் ஒட்டி, பெட்டியை மட்டம் பார்த்து வையுங்கள். திசை எப்படி இருந்தாலும் மெழுகு விளிம்பைத் தேனீ முதலில் மதிக்கும். பொந்திலிருந்து வெட்டி எடுத்த அடைகளைச் சட்டத்தில் கட்டும்போதும் இதுவே: பழைய அடையில் புழு இருக்கும்வரை கூட்டம் அதன் ஓட்டத்தைத் தொடரும், ஆகவே முதல் சட்டத்தை அவசரப்படாமல் நேராகக் கட்டுங்கள். வாழைநாரால் இரண்டு இடத்தில் கட்டினால் நான்கைந்து நாளில் தேனீயே ஒட்டிவிட்டு நாரைக் கடித்து வெளியே தள்ளிவிடும்.